வெளியூர்க்காரன் வந்த வழி

போன வாரம் டீச்சருக்கு மறுபடியும் குளிர் ஜுரம் தூக்கிப் போட்ட இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு நீங்கள் என்னைத் திட்டித் தீர்த்தது காதில் விழுந்தது. சரி, வாங்கிக்கொண்டேன். ஜுரம் இறங்கிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறமாவது நிம்மதியாக உட்கார்ந்து படியுங்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலே வரி. டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லிக்கொடுப்பவர். ரத்தப் புற்றுநோய் வந்தது. அதற்குக் கொடுத்த மருந்து கெட்ட அணுவோடு சேர்த்து நல்ல வெள்ளை அணுக்களையும் வழித்துத் துடைத்துவிட்டது. காவலுக்கு ஆள் இல்லாத உடம்பு. அந்த நேரம் பார்த்து அவருடைய ரத்தத்துக்குள் ஒரு கிருமி நுழைந்தது. எங்கிருந்தோ வந்ததல்ல, அவர் குடலிலேயே வருஷக்கணக்காகச் சும்மா குடியிருந்ததுதான். டீச்சர் அதற்கு 'உள்ளூர்க்காரன்' என்று பெயர் வைத்தார்.

உள்ளூர்க்காரனை மருந்து போட்டு அடக்கிவிட்டு எல்லோரும் மூச்சுவிடுவதற்குள், அதே ரத்தத்தில் இன்னொருத்தன்! இவன் தண்ணீரில் வாழ்கிற ரகம். முதலாமவனுக்குக் கொடுத்த மருந்தை இவன் மதிக்கவே இல்லை. இவனுக்கு 'வெளியூர்க்காரன்' என்று பெயர். டாக்டர்கள் டீச்சரின் நெஞ்சில் மருந்து ஏற்றப் போட்டிருந்த குழாயைக் கழற்றினார்கள், மருந்தை மாற்றினார்கள். முந்தாநாள் மாலை நாலு மணிக்கு மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள்.

இன்றைக்கு வியாழன். மாலை நாலு மணிக்குள் அந்த ரத்தத்தில் எதுவும் முளைக்காமல் இருந்தால், திங்கட்கிழமை டீச்சருக்கு அவருடைய அக்காவின் மஜ்ஜையை ஏற்றுவார்கள். முளைத்தால் தள்ளிப்போகும். "தள்ளிப்போனா நோய் முந்திக்கும்" என்று பெரிய டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஆக, நாலு மணி. அதுவரைக்கும் இந்தக் குடும்பம் என்ன பாடுபட்டது என்பதுதான் இந்த வாரம்.

*

டீச்சரின் கணவருக்குப் பூக்கடை. எதற்கும் முகம் வாடாத மனுஷன் என்பதால் டீச்சர் வைத்த பெயர் 'வாடாமல்லி'. கடைத்தெரு முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

மனைவி இருக்கிற வார்டுக்குள் பூ கூடாது. இலை கூடாது, மண் கூடாது. பூக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை! ஆனாலும் வாடாமல்லி ஒரு இதழைக்கூட உள்ளே கொண்டுபோனதில்லை. கடையிலிருந்து நேரே வீட்டுக்குப் போய், நகம் வெட்டி, தலைக்குக் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டுதான் போவார். அந்த விஷயத்தில் தன்னை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

காலை ஒன்பது மணிக்கு ஒரு வங்கிக்காரர் பூங்கொத்து கேட்டு வந்தார். அவர்கள் மேலாளர் ஓய்வு பெறுகிறாராம்.

"பெரிசா கட்டுங்க. ஆனா ரொம்ப சந்தோஷமா இருக்கற மாதிரி தெரியக்கூடாது" என்றார் வங்கிக்காரர்.

"போறாரேன்னு சந்தோஷமா, வருத்தமா? அதைச் சொல்லுங்க, கலரைப் பார்த்துக்கறேன்."

வங்கிக்காரர் சிரித்தபடி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "சந்தோஷம்தான்" என்றார். வாடாமல்லி மஞ்சளில் ஆரம்பித்தார்.

கொத்தைக் கட்டி முடித்துத் தண்ணீர் தெளிக்க ஸ்ப்ரேயை எடுத்தால், அடைத்துக்கொண்டது. மூடியைத் திருகி, உள்ளே தொங்குகிற குழாயை உருவி, ஊசியால் குத்தினார். குழாய் வழுவழுவென்று கையைவிட்டு நழுவியது. உள்பக்கம் முழுக்கப் பாசி மாதிரி வழுக்கல். விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். இருபது வருஷமாக வாரத்துக்கு ஒரு தடவை துடைக்கிற வழுக்கல்தான் அது.

துடைத்த விரல் அப்படியே நின்றுவிட்டது.

"என்னங்க, பூ நல்லாத்தானே இருக்கு?" என்றார் வங்கிக்காரர்.

வார்டில் டீச்சரின் தலைமாட்டில் ஒரு ஸ்ப்ரே இருக்கிறது. பச்சை நிறம். அவர் கொண்டுபோய்க் கொடுத்தது!

வார்டில் ஏசி காற்று பட்டுப்பட்டு டீச்சருக்கு முகமும் கழுத்தும் எரிந்தது. புதுசாக ஒரு பாட்டில் வாங்கித்தான் முதலில் கொடுத்தார். அது பொட்டுப்பொட்டாக அடித்தது, டீச்சர் முகம் சுளித்தார். கடையில் இருப்பதிலேயே பழைய ஸ்ப்ரே பனி மாதிரி மெல்லிசாக அடிக்கும். அதை நன்றாகக் கழுவி எடுத்துப்போனார். தினமும் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தன் கையாலேயே நிரப்பினார். தண்ணீரைத்தான் மாற்றினார். பாட்டிலையும் குழாயையும் மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. அதில் தெளித்த பூ எதுவும் வாடினதில்லை, அதனால் நல்ல பாட்டில் என்று நம்பிவிட்டார். ஒரு பூக்காரனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

போனை எடுத்தார். மூன்றாவது மணியில் டீச்சர் எடுத்தார்.

"என்னங்க, இந்நேரத்துல? கடையில ஈ ஓட்றீங்களா?"

"டீச்சர், அந்தப் பச்சை ஸ்ப்ரே எங்க இருக்கு?"

"கையிலதான் இருக்கு. இப்போ அடிக்கப் போறேன்."

"கீழ வை!"

"என்னது?"

"கீழ வைன்னா வை! அதைத் தொடாதே. கையைக் கழுவு. நான் வர்ற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதே!"

கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் அவர் போட்ட முதல் உத்தரவு அது. டீச்சர் இருந்த ஆச்சரியத்தில் எதிர்த்துப் பேசாமல் கீழே வைத்துவிட்டார்.

வாடாமல்லி கடையை அப்படியே வங்கிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினார். "சார், ஷட்டரை மட்டும் இழுத்து விட்டுட்டுப் போங்க!" பாவம் அந்த மனுஷன், மஞ்சள் கொத்தும் கையுமாக ஷட்டரோடு மல்லுக்கட்டினாராம்.

*

வீட்டுக்குப் போய்க் குளித்து, உடை மாற்றி, பஸ் பிடித்து மருத்துவமனைக்கு வந்தபோது மணி பதினொன்றரை. ஏன் பஸ் என்றால் அவரிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. ஏன் இல்லை என்றால் அவருடைய அண்ணி தரவில்லை.

டீச்சரின் அக்காவைத்தான் சொல்கிறேன். மஜ்ஜை கொடுக்கப்போகிறவர். வேலை, வண்டி ஓட்டத் தேர்வு வைக்கிற அதிகாரி. தங்கை புருஷன் என்றுகூடப் பார்க்காமல் மூன்று தடவை ஃபெயில் பண்ணியவர். மூன்றாவது தடவை காரணம் கேட்டதற்கு, "கண்ணாடியைப் பார்க்கறதை விட்டுட்டு ரோட்டோரச் செடியைப் பார்க்கறீங்க மாப்பிள்ளை" என்றார். அது உண்மையும்கூட.

நாலாவது மாடித் தாழ்வாரத்தில் அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கோப்பு. எதிரே 'கிருமி போலீஸ்'. வார்டுக்குள் தொற்று எப்படி நுழைந்தது என்று துப்புத் துலக்குகிற நர்ஸுக்கு டீச்சர் வைத்த பெயர் அது. நர்ஸுக்கும் உள்ளுக்குள் அந்தப் பெயர் பிடித்திருந்தது. சற்றுத் தள்ளி, வார்டு துடைக்கிற அம்மா துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

வார்டின் கண்ணாடிச் சுவர் வழியாக நோட்டம் விட்டு எழுதியதை அண்ணி படித்துக்கொண்டிருந்தார். "திங்கள், ஒன்பது பத்து. கைகழுவுற தொட்டியோட ஓரம் துடைக்கலை. செவ்வாய், ஒன்பது இருபது. ஓரம் துடைச்சாங்க, அடிப்பக்கம் துடைக்கலை. தண்ணியில வாழற கிருமின்னா தொட்டியிலேர்ந்துதான் வந்திருக்கணும். நாலு பக்கம் எழுதியிருக்கேன். கையெழுத்தும் போட்டிருக்கேன்."

"புகாரை வாங்கிட்டா விசாரணை முடியற வரைக்கும் இவங்களை இங்கேர்ந்து மாத்திடுவாங்க" என்றார் நர்ஸ்.

"மாத்தட்டும். தப்புன்னா தப்புதான்."

"அம்மா, நான் ஓரத்தையும் துடைச்சேன், அடியையும் துடைச்சேன்" என்றார் அந்த அம்மா.

வாடாமல்லி வந்து நடுவில் நின்றார். சொன்னால் என்ன ஆகும்? இந்த அண்ணி வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவார். தன்னை இனி வார்டுக்குள் விடமாட்டார்கள். டீச்சர் முகத்தில் எப்படி முழிப்பது? சொல்லாவிட்டால் இந்த அம்மாவுக்கு வேலை போகும். திங்கட்கிழமை மஜ்ஜை ஏறியபின் வெளியூர்க்காரன் மறுபடியும் அதே வழியாக வருவான்.

"தொட்டி இல்லைங்க, நான்தான்" என்றார்.

"என்ன நீங்கதான்?" அண்ணியின் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது.

ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார். பச்சை ஸ்ப்ரே, பனி மாதிரி தண்ணீர், வழுக்கல், எல்லாம். "முகத்துல மட்டும் அடிக்கலை. குழாய் போட்ட இடம் சுத்தி அரிக்குதுன்னா. அங்கயும் அடிச்சேன். நானே அடிச்சேன்."

கிருமி போலீஸ் எழுந்தே விட்டார். "குழாய் வாய்ல ஈரம் பட்டுதா?"

"பட்டிருக்கும்."

"அதுதான் வழி! அந்த பாட்டிலைத் தினமும் பார்க்கறோம். முகத்துக்கு அடிக்க கடையில வாங்கினதுன்னு நினைச்சோம். ஒருத்தரும் கேக்கலை. அது எங்க தப்பு." நர்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டே வார்டுக்குள் பாய்ந்தார்.

தாழ்வாரத்தில் மூன்று பேர் மட்டும். வாடாமல்லி தலையைக் குனிந்துகொண்டார். வருவது வரட்டும் என்று நின்றார்.

அண்ணி கோப்பை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க அண்ணி."

"நானும் அடிச்சேன்."

வாடாமல்லி நிமிர்ந்தார்.

"போன மாசம். ரெண்டு தடவை. 'அக்கா, கழுத்துல அடிச்சுவிடு, இவர் சரியா அடிக்க மாட்டேங்கறார்'னு சொன்னா. அடிச்சேன். கண்ணை மூடிக்கிட்டுச் சின்னப் பிள்ளையாட்டம் சிரிச்சா. அதைப் பார்க்கணும்னே ரெண்டாவது தடவையும் அடிச்சேன்." அண்ணி கையிலிருந்த கோப்பைத் தட்டினார். "நாலு பக்கம் எழுதினேனே, அதுல இதை எழுதலை. பாட்டிலை நினைச்சுக்கூடப் பார்க்கலை."

எழுந்துபோய் வார்டு துடைக்கிற அம்மாவின் முன்னால் நின்றார். ஊரில் பாதிப் பேரை நடுங்கவைத்த அதிகாரி கையைக் கூப்பினார். "மன்னிச்சிடும்மா. உங்க மேல வீண்பழி போட்டுட்டேன்."

அந்த அம்மா திடுக்கிட்டுப் போனார். "ஐயோ, கையை இறக்குங்கம்மா! யாராவது பார்த்தா நான்தான் உங்களை மிரட்டறேன்னு நினைப்பாங்க!"

வாடாமல்லிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அண்ணி முறைத்தார். முறைத்தபடியே அவரும் சிரித்தார். இந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்ததே இல்லை. இந்தக் கதையை எழுதுகிற எனக்கே புதுசு.

*

மூன்றே முக்கால் மணி. வார்டின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே இரண்டு பேரும் நின்றார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். உள்ளே டீச்சர் கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு முடி இல்லை, உடம்பில் பாதி எடை இல்லை. அதட்டல் மட்டும் அப்படியே இருந்தது.

"என்னய்யா நடக்குது இங்க? காலையில நீங்க கத்தறீங்க. அப்புறம் கிருமி போலீஸ் வந்து என் ஸ்ப்ரேயைப் பையில போட்டுக் கைதி மாதிரி இழுத்துட்டுப் போறாங்க. கட்டிலைத் துடைச்சு, மேஜையைத் துடைச்சு, என்னையும் துடைச்சாச்சு. யாராவது வாயைத் திறங்க!"

வாடாமல்லி சொன்னார். இந்தத் தடவை மெதுவாகச் சொன்னார். பாதியில் கண் கலங்கி நிறுத்தினார். மீதியை அண்ணி போனைப் பிடுங்கிச் சொல்லி முடித்தார்.

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு நாளா இந்த ரூமுக்குள்ள வர்றவங்க எல்லாரும் என்னைக் குத்துவாங்க, இல்லேன்னா எதையாவது உறிஞ்சி எடுப்பாங்க" என்றார் டீச்சர். "சுகமா இருந்தது ஒண்ணே ஒண்ணு, அந்தப் பனித்தண்ணி. அதுக்குள்ளயா ஒருத்தன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்?"

"கோவமா?" என்றார் வாடாமல்லி.

"பின்ன, கொஞ்சுவாங்களா? கோவம்தான். வீட்டுக்கு வந்து வெச்சுக்கறேன். மைதானத்தை பத்து சுத்து ஓடணும்."

"ரெண்டு பேருமா?"

"நீங்க பத்து. அக்கா பதினஞ்சு."

"எனக்கு எதுக்குடி அஞ்சு கூட?" என்று அண்ணி போனில் பாய்ந்தார்.

"மூத்தவ இல்ல? பொறுப்பு வேணாம்?"

சொல்லிவிட்டு டீச்சர் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. இருமிக்கொண்டே சிரித்தார். "இங்க பாருங்க, வாடாமல்லி. நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, நான் இன்னும் அதை அடிச்சுக்கிட்டுத்தான் இருந்திருப்பேன். அழாதீங்க. மூக்கெல்லாம் சிவக்குது, பார்க்கச் சகிக்கலை."

கடிகாரம் நாலு காட்டியது. நாலு ஐந்து. நாலு பத்து. வார்டு துடைக்கிற அம்மா வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் சுவரோரம் நின்றார். அண்ணி வாடாமல்லியின் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். பிடித்திருப்பது அவருக்கே தெரியாது.

நாலு பதினாலுக்குப் பெரிய டாக்டர் வந்தார். இந்த டாக்டர்களுக்கு முகத்தை வைத்து எதையும் காட்டக்கூடாது என்று படிப்பிலேயே சொல்லித்தருவார்களோ என்னவோ! கண்ணாடியருகே போனார். போனை எடுத்தார். தொண்டையைச் செருமினார். எனக்கே ஓங்கி ஒன்று போடலாம் போலிருந்தது.

"டீச்சர், நாப்பத்தெட்டு மணி நேரம் முடிஞ்சுது. உள்ளூர்க்காரனும் இல்லை, வெளியூர்க்காரனும் இல்லை. ரத்தத்துல ஒண்ணுமே வளரலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மஜ்ஜை ஏத்தறோம்!"

டீச்சர் கட்டிலில் இருந்தபடியே இரண்டு கையையும் உயரத் தூக்கினார். ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்த பிள்ளைகள் தூக்குவார்களே, அப்படி. வாடாமல்லி தலைகால் புரியாமல் பக்கத்தில் நின்றவரைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்ட பிறகுதான் அது அண்ணி என்று தெரிந்தது. அண்ணி விறைத்துப் போனார். அப்புறம் அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். சுவரோரம் நின்ற அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"ஒருத்தர் மட்டும் உள்ள போகலாம். பத்து நிமிஷம்தான்" என்றார் கிருமி போலீஸ்.

"அண்ணி போகட்டும்" என்றார் வாடாமல்லி. குழாய் கழற்றின நாளிலிருந்து அக்கா உள்ளே போகவில்லை.

அண்ணி முழங்கைவரை கையைக் கழுவினார். நர்ஸ் மேலங்கியைக் கட்டிவிட்டார், முகக்கவசத்தை மாட்டிவிட்டார். உள்ளே டீச்சர் கட்டிலை விட்டு இறங்கி நின்றுவிட்டார். இரண்டு வாரத்தில் முதல் தடவையாகத் தன் காலில் நிற்கிறார்.

"அக்கா! வா, சீக்கிரம் வா!"

அண்ணி கைப்பிடியில் கை வைத்தார். திறக்கவில்லை.

"போங்க அண்ணி" என்றார் வாடாமல்லி.

அண்ணி திரும்பினார். கண்ணில் தண்ணீர். சந்தோஷம்தான் என்று வாடாமல்லி நினைத்தார். அண்ணி கைப்பிடியை விட்டார். ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. எதிர்ச்சுவரில் முதுகு முட்டும்வரை போய் நின்றார்.

"மாப்பிள்ளை, காலையிலேர்ந்து தொண்டை கரகரங்குது. ரெண்டு தும்மல் போட்டேன். ஏசின்னு நினைச்சு யார்கிட்டயும் சொல்லலை."

சொல்லி முடிப்பதற்குள் முழங்கையை மடக்கி முகத்தைப் புதைத்துக்கொண்டு மூன்றாவது தும்மலைப் போட்டார்.

கிருமி போலீஸ்தான் முதலில் நகர்ந்து போய் அவர் நெற்றியில் கை வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"இன்னும் நாலு நாள் இருக்கு, சிஸ்டர்" என்றார் அண்ணி. எத்தனையோ பேர் அவர் முன்னால் நின்று கெஞ்சிய அதே குரல் இப்போது அவருக்கு வந்திருந்தது. "இது சரியாகி மஜ்ஜை குடுக்க நாலு நாள் போதுமில்ல?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீச்சருக்கு எதுவும் கேட்கவில்லை. அக்காவுக்காகக் கையை விரித்தபடியே நின்றார்.